நியூமெரிக்கல் ரிலேக்கு வெளியாள் டெஸ்ட் எதற்கு?

3 பிப்ரவரி 2025. கேள்வி: ‘ஆலை எலக்ட்ரிகல்’

110 கே.வி. சர்வீஸ். 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 110/11, டிஒய்என்-11 (ஒரு பக்கம் டெல்டா, மறுபக்கம் ஸ்டார் இணைப்பு). கீழே 11 கே.வி. பேனல்கள் வரிசையாக. எல்லாமே நியூமெரிக்கல் ரிலே, அதாவது கோளாறு கண்டால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் டிஜிட்டல் காவல் கருவி. வருடம் ஒரு முறை வெளி நிறுவனம் டெஸ்ட் கிட்டைத் (ரிலேக்குச் செயற்கையாகக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தூக்கிக்கொண்டு வருகிறது, ஷட்டவுன் கேட்கிறது, தடி ஃபைல் ஒன்று தருகிறது. எல்லாப் பக்கத்திலும் ‘சரி’. சுழலும் தட்டு வைத்த டிஸ்க் ரிலே காலத்தில் இது நியாயம். இப்போது ரிலே தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது, தான் கெட்டால் சொல்லும் வாட்ச்டாக் காண்டாக்ட் இருக்கிறது. இந்தச் செலவு தண்டம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 பிப்ரவரி. பதில்: ‘பேனல் ரூம்’

பாதி ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு வரும் ஃபைல் தண்டமாக இருக்கலாம். டெஸ்ட் தண்டம் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

செல்ஃப் சூப்பர்விஷன், அதாவது அந்தத் தன்சோதனை, பார்ப்பது ரிலேயின் வயிற்றுக்குள் இருப்பதை மட்டும்: பிராசஸர், மெமரி, பவர் சப்ளை, அனலாக்-டிஜிட்டல் மாற்றி. அவுட்புட் ரிலேயின் காயில் வரை சில மாடல்கள் பார்க்கும். அந்த காண்டாக்ட் வெல்ட் ஆகி ஒட்டிக்கிடக்கிறதா, கருகிப்போய்க் கடத்தாமல் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சி.டி. (லைன் கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒயரிங் தெரியாது. டெஸ்டுக்காக சி.டி.யைக் குறுக்கே இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க் போட்டபடியே விடப்பட்டது தெரியாது. டிரிப் சர்க்யூட் சூப்பர்விஷன் தனியாக ஒயர் செய்யாவிட்டால் பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயில் அறுந்துகிடப்பதும் தெரியாது. எல்லாவற்றையும் விட, செட்டிங் தப்பு என்பது அதன் அகராதியிலேயே இல்லை. 300-க்குப் பதில் 3000 ஆம்பியர் போட்டால் அதையும் விசுவாசமாகக் காவல் காக்கும்.

அந்த வாட்ச்டாக் காண்டாக்ட்டின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஸ்கேடாவிலோ (கணினிக் கண்காணிப்பு) அனன்சியேட்டரிலோ (அலாரம் பலகை) முடிந்தால் நல்லது. ஸ்பேர் டெர்மினலில் முடிவதுதான் அதிகம்.

4 பிப்ரவரி, மாலை

ஒன்று விட்டுப்போனது. ‘வெளியாள்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் கலந்து ஓடுகிறது. டெஸ்ட் செய்பவர் வேறு கம்பெனி என்பது ஒன்று. எதிர்பார்க்கும் மதிப்பு ரிலேக்கு வெளியிலிருந்து வருவது இன்னொன்று. எனக்கு முக்கியம் இரண்டாவது. உங்கள் சொந்த ஆளே செய்யட்டும், எதிர்பார்ப்பு எண்ணை ஒப்புதல் பெற்ற செட்டிங் ஷீட்டிலிருந்து எடுத்தால் அது சுதந்திரமான டெஸ்ட். வெளி நிறுவனம் ரிலேயிலிருந்து செட்டிங்கை லேப்டாப்பில் இறக்கி, அதையே கிட்டின் டெம்ப்ளேட்டில் ஏற்றி, ஒரு பட்டனைத் தட்டி 40 பக்கம் பிரிண்ட் எடுத்தால், ரிலே தன் சொல்படி நடக்கிறது என்று மட்டும் நிரூபணம் ஆகிறது. அந்தச் சொல் சரியா என்று யாரும் கேட்கவில்லை.

5 பிப்ரவரி

உதாரணம் கேட்டிருக்கிறார் ஒருவர். லண்டன், 28 ஆகஸ்ட் 2003, மாலை 6:20. தெற்கு லண்டனில் 37 நிமிடம் இருட்டு, சுரங்க ரயில் வரை நின்றது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் புக்ஹோல்ஸ் (எண்ணெயில் வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் கருவி) அலாரம் வந்ததால் அதைக் கழற்ற சர்க்யூட்டை மாற்றினார்கள். லோடு விம்பிள்டன்–நியூ கிராஸ் 275 கே.வி. சர்க்யூட்டுக்குப் போனது. உடனே அது டிரிப். ஃபால்ட் எதுவும் இல்லை. 2001-இல் பழைய ரிலேயை மாற்றியபோது 5 ஆம்பியர் ரிலே வரவேண்டிய இடத்தில் 1 ஆம்பியர் ரிலேயைப் பொருத்தியிருந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு கரண்டிலேயே அது எழுந்துவிட்டது.

அந்த ரிலேயை மேசையில் வைத்து அதன் லேபிளைப் பார்த்து இன்ஜெக்ட் செய்திருந்தால் பாஸ் ஆகியிருக்கும். வாட்ச்டாக் இருந்திருந்தால் அதுவும் பச்சை. வரவேண்டிய 5 ஆம்பியரையும் பொருத்திய ரிலேயின் 1 ஆம்பியரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு கண் தேவைப்பட்டது. அல்லது சி.டி.யின் முன்பக்கத்திலேயே கரண்ட் செலுத்தும் ப்ரைமரி இன்ஜெக்‌ஷன்.

5 பிப்ரவரி, இரவு

ஆலை எலக்ட்ரிகல், உங்கள் ஃபைலை இப்படிப் பாருங்கள்.

நேரம் எல்லாம் மூன்று தசமத்தில் கணக்குப்படி அச்சாக வந்திருக்கிறதா? அப்படியானால் அது அளந்ததல்ல, எழுதியது. நியூமெரிக்கல் ரிலேயின் ஐடிஎம்டி (கரண்ட் கூடக்கூட டிரிப் நேரம் குறையும் முறை) நேரத்துக்கு டாலரன்ஸ் பெரும்பாலும் 5 சதவீதம் அல்லது 40 மில்லிசெகண்ட், எது பெரிதோ அது. அரை செகண்ட் டிரிப்பில் பத்து, இருபது மில்லிசெகண்ட் கூடத்தான் வரும். மூன்று ஃபேஸிலும் ஒரே எண் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

கிட்டின் கேலிப்ரேஷன் சான்று நகல் இருக்கிறதா, என்ஏபிஎல் (ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப்பிலிருந்தா, டெஸ்ட் நாளில் காலாவதி ஆகாமல் இருந்ததா? ஃபர்ம்வேர் வெர்ஷன் எழுதியிருக்கிறார்களா? ‘கண்டது / விட்டது’ என்று, டெஸ்டுக்கு முன்பும் பின்பும், செட்டிங் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறதா? இந்தக் கடைசி ஒன்று இல்லாத ரிப்போர்ட்டுக்கு நான் பணம் தரமாட்டேன்.

8 பிப்ரவரி

11 கே.வி. ஃபீடர் ஓவர் கரண்ட் ரிலேயை எப்படிச் செய்யவேண்டும் என்று கேட்டவருக்கு. எண்ணோடு சொல்கிறேன்.

சி.டி. 400/1. பிக்கப் (ரிலே எழும் கரண்ட்) 0.75 ஆம்பியர், அதாவது ப்ரைமரியில் 300. கர்வ் ஸ்டாண்டர்டு இன்வர்ஸ், டிஎம்எஸ் (நேரப் பெருக்கி) 0.1. ஹைசெட் (தாமதமின்றி அடிக்கும் அளவு) 5 ஆம்பியர், அதாவது 2000.

லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கி, பிரேக்கரை டெஸ்ட் பொசிஷனுக்கு இழுத்த பிறகு, முதலில் ரிலேக்கும் டிரிப் காயிலுக்கும் நடுவே உள்ள டிரிப் லிங்க்குகளைத் திறக்கவேண்டும். அப்புறம் சி.டி. இந்த வரிசை மாறக்கூடாது. சி.டி.யில் முதலில் சி.டி. பக்கம் ஷார்ட், லோடு உள்ள பேனலானால் டாங் டெஸ்டரால் (கிளாம்ப் மீட்டர்) ஷார்ட்டில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்த்து, அதன் பிறகே லிங்க் திறப்பு. பேனலில் லோடு இல்லை என்பதற்காக ஷார்ட் போடாமல் திறக்கிற பழக்கம் வேண்டாம். நாளைக்கு லோடு உள்ள பேனலிலும் கை அதையே செய்யும்.

பிக்கப் பார்க்க 0.68-லிருந்து மெல்ல ஏற்றுங்கள், படிக்கு 0.01. இங்கே ஒரு பொறி. ஐடிஎம்டி எலிமென்ட் சில ரிலேகளில் செட்டிங்கின் 1.05 மடங்கில்தான் ஸ்டார்ட் ஆகும், சிலவற்றில் 1.1-இல். மேனுவலில் இருக்கிறது. படிக்காதவர் 0.825-இல் எழுந்ததைப் பார்த்து ‘10 சதவீதப் பிழை’ என்று எழுதுவார். அதைவிட மோசம், பிழையைச் சரிசெய்வதாகச் செட்டிங்கைக் குறைப்பார். இறக்கும்போது டிராப்-ஆஃப் சுமார் 95 சதவீதத்தில் வரும்.

நேரம்: டிஎம்எஸ் × 0.14 ÷ (மடங்கு^0.02 − 1). எல்லோரும் 2, 5, 10 மடங்கில் செய்வார்கள். இங்கே 10 மடங்கு என்பது 7.5 ஆம்பியர். ஹைசெட் 5 என்பதால் ஐடிஎம்டி முடியும் முன்பே அது அடித்துவிடும். அதனால் ஹைசெட்டை டிசேபிள் செய்கிறார்கள். டெஸ்ட் முடிந்ததும் மறுபடி எனேபிள் செய்ய மறக்கிறார்கள். இந்த ஒரு காரணத்தால் இழந்த ஹைசெட்கள் எத்தனையோ. எதற்கு வம்பு? 2, 4, 6 மடங்கில் செய்யுங்கள். 1.5 ஆம்பியருக்கு 1.003 செகண்ட், 3 ஆம்பியருக்கு 0.498, 4.5 ஆம்பியருக்கு 0.384. கர்வ் எது என்று தெரிய மூன்று புள்ளி போதும். ஹைசெட்டைத் தொடவே வேண்டாம், 4.75-இல் அடிக்கக்கூடாது, 5.25-இல் அடிக்கவேண்டும், முடிந்தது.

கர்வ் எது என்று ஏன் சொன்னேன் என்றால், 2 மடங்கில் மட்டும் பார்த்தால் ஸ்டாண்டர்டு இன்வர்ஸும் வெரி இன்வர்ஸும் குழம்பும். டிஎம்எஸ் 1-க்கு முதலாவது 10.03, இரண்டாவது 13.5. டிஎம்எஸ்ஸைச் சற்று மாற்றினால் 2 மடங்கில் இரண்டும் ஒரே நேரம் காட்டும். 6 மடங்கில் முகமூடி கழன்றுவிடும்.

8 பிப்ரவரி, சேர்க்கை

டிரிப் லிங்க்கைத் திறந்தே வைத்துக்கொண்டு டெஸ்டை முடிப்பது பாதி வேலை. கடைசியில் ஒரே ஒரு தடவை லிங்க்கை மூடி, ரிலே வழியாக பிரேக்கரை உண்மையாகவே டிரிப் செய்யுங்கள். கிட்டின் டைமரை பிரேக்கரின் ஆக்சிலரி காண்டாக்ட்டில் நிறுத்தினால் ரிலே, மாஸ்டர் டிரிப் (கட்டளையை பிரேக்கருக்குக் கடத்தி, ரீசெட் செய்யும்வரை பூட்டிக்கொள்ளும் ரிலே), பிரேக்கர் மூன்றும் சேர்ந்த நேரம் கிடைக்கும். பேட்டரி சார்ஜரில் இருக்கும்போது 110 வோல்ட்டுக்கு மேல் கிடைப்பதால் எந்தக் காயிலும் இழுக்கும். 70 சதவீதத்தில், அதாவது 77 வோல்ட்டில், டிரிப் காயில் இழுக்கிறதா என்பதே கேள்வி. ஃபால்ட் நேரத்தில் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

9 பிப்ரவரி

“மாஸ்டர் டிரிப்பை ரீசெட் செய்யாமல் போய்விட்டார்கள், பிரேக்கர் ஏறவில்லை, இரவு 11 மணிக்கு எல்லோரையும் எழுப்பினோம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறாத பிரேக்கர் நல்ல பிரேக்கர் ஐயா, உங்களை எழுப்பிச் சொல்லிவிடுகிறது. இறங்காத பிரேக்கர் ஃபால்ட் வரும்வரை வாயே திறக்காது.

11 பிப்ரவரி

டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரண்டு பக்கக் கரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தில் அடிக்கும் பாதுகாப்புக்கு, வருவோம். கேள்வி கேட்டவரின் டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துக்கொள்கிறேன். 16 எம்.வி.ஏ.வுக்கு 110 பக்கம் 84 ஆம்பியர், 11 பக்கம் 840. சி.டி. 100/1, 1000/1 என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் செகண்டரியில் 0.84 ஆம்பியர். பிக்கப் 0.2 பெர் யூனிட் (முழு லோடு கரண்டில் 20 சதவீதம்) என்றால் 0.168 ஆம்பியரில் எழவேண்டும்.

எல்.வி. (11 கே.வி.) பக்கம் ஆர் ஃபேஸில் மட்டும் இன்ஜெக்ட் செய்து பாருங்கள். 0.168-இல் எழாது. 0.29-இல்தான் எழும். அதுவும் இரண்டு ஃபேஸ் எலிமென்ட் சேர்ந்து எழும். ‘ரிலே கோளாறு’ என்று ரிப்போர்ட் போய்விடும்.

கோளாறு ஒன்றுமில்லை. டிஒய்என்-11-இல் எல்.வி. கரண்ட் 30 டிகிரி முன்னால் நிற்கிறது. அதைத் திருப்ப ரிலே உள்ளே ஆர் கரண்டிலிருந்து பி கரண்டைக் கழித்து √3-ஆல் வகுக்கிறது. மற்ற ஃபேஸ்களும் அப்படியே சுழற்சியாக. ஆரில் மட்டும் கரண்ட் கொடுத்தால் ஆர் எலிமென்ட்டுக்கு 1/√3 பங்கு, ஒய் எலிமென்ட்டுக்கு அதே அளவு எதிர்க்குறியில், பி-க்கு சுழி. ஆகவே 1.732 மடங்கு கொடுத்தால்தான் எழும். ஸ்டார் பக்கம் 30 டிகிரி திருப்பாமல், ஜீரோ சீக்வென்ஸை (மூன்று ஃபேஸ் கரண்டின் சராசரி) மட்டும் கழிக்கிற ரிலேயாக இருந்தால் கணக்கு வேறு: இன்ஜெக்ட் செய்த ஃபேஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு, எனவே 1.5 மடங்கில் எழும்.

ஆறு கரண்ட் சோர்ஸ் உள்ள கிட் இருந்தால் இரண்டு பக்கமும் மூன்று ஃபேஸ் கொடுத்துவிடலாம், இந்தத் தலைவலி இல்லை. மூன்று சோர்ஸ் கிட்தான் என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். எழுதும்போது பெருக்கியதை ஷீட்டில் காட்டுங்கள். அடுத்த வருடம் வருபவன் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்யும்போது பாயும் கரண்டில் அடிக்காமல் காக்கும் இரண்டாம் ஹார்மோனிக் தடுப்பு 15 சதவீதம் என்றால் 50 ஹெர்ட்ஸ் கரண்டோடு 100 ஹெர்ட்ஸை 20 சதவீதத்தில் தொடங்கி இறக்குங்கள். எந்த இடத்தில் டிரிப் விடுகிறதோ அதுதான் மதிப்பு. கீழிருந்து ஏற்றிப் பார்ப்பது வீண், முதல் படியிலேயே டிரிப் ஆகிவிடும்.

12 பிப்ரவரி

“எல்.பி.பி.யைச் சொல்லி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்?”

எல்.பி.பி., அதாவது பிரேக்கர் ஃபெயிலியர் லாஜிக், கேட்பது இரண்டே விஷயம்: டிரிப் போயிற்றா, 200 மில்லிசெகண்ட் கழித்தும் கரண்ட் ஓடுகிறதா. டெஸ்டின்போது டிரிப் போகிறது, கரண்ட் உங்கள் கிட்டிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. கிட்டுக்கு டிரிப் காண்டாக்ட் ஃபீட்பேக் சரியாக ஒயர் ஆகியிருந்தால் கரண்டை நிறுத்திவிடும். அந்த ஒயர் கழன்றிருந்தால் நிறுத்தாது. ரிலே பார்வையில் பிரேக்கர் திறக்கவில்லை. இன்கமரை (பஸ்ஸுக்கு மின்சாரம் தரும் பிரேக்கர்) அடிக்கும். 110 பக்கமாக இருந்தால் அந்த பஸ்ஸில் உள்ள அத்தனையும் போகும். இன்டர்டிரிப் (எதிர்முனைக்கு அனுப்பும் டிரிப் கட்டளை) இருந்தால் எதிர்முனைத் துணைமின் நிலையமும் போகும். பிறகு எம்.ஆர்.டி. (மின்வாரியத்தின் மீட்டர், ரிலே டெஸ்ட் பிரிவு) ஆட்களுக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவேண்டும்.

எனவே திறக்கவேண்டியவை: டிரிப் காயில் 1, டிரிப் காயில் 2, எல்.பி.பி. இனிஷியேட், பஸ்பார் புரொடெக்‌ஷனுக்குப் போகும் டிரிப், இன்டர்டிரிப். ஸ்கீம் டிராயிங்கில் ஒவ்வொன்றுக்கும் டெர்மினல் நம்பர் எழுதி, திறந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர் என்று கையெழுத்து. கூஸ் மெசேஜில் (நெட்வொர்க் வழியாக ரிலேக்கு ரிலே போகும் செய்தி) எல்.பி.பி. போகிற நிலையங்களில் திறக்க லிங்க்கே கிடையாது. ரிலேயை டெஸ்ட் மோடில் வைக்கவேண்டும், எதிரில் வாங்கும் ரிலே டெஸ்ட் பிட்டைப் பார்த்து மதிக்கிற மாதிரி அமைத்திருக்கிறதா என்று முன்பே சோதித்திருக்கவேண்டும். திறந்த லிங்க் கண்ணுக்குத் தெரியும். டெஸ்ட் பிட் தெரியாது. அதனால் ஐஇசி 61850 (கூஸ் அடங்கிய நெட்வொர்க் தரநிலை) நிலையங்களில் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பயம்.

15 பிப்ரவரி

ஆர்.இ.எஃப். (டிரான்ஸ்ஃபார்மருக்குள் எர்த் ஃபால்டைப் பிடிக்கும் பாதுகாப்பு) ஹை இம்பீடன்ஸ் வகையில் ரிலேக்கு முன்னால் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். சிலர் ரெசிஸ்டரைத் தாண்டி ரிலே டெர்மினலில் நேராக 0.1 ஆம்பியர் கொடுத்து ‘எழுந்தது, சரி’ என்று போட்டுவிடுகிறார்கள். ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால் ரிலே குருடு, ஷார்ட் ஆகியிருந்தால் வெளி ஃபால்டிலும் அடிக்கும். இரண்டும் இந்த டெஸ்டில் தெரியாது. ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து வோல்டேஜ் கொடுங்கள். மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மரில் இம்பீடன்ஸ் 10 சதவீதம் என்றால் வெளி ஃபால்டில் செகண்டரியில் 8.4 ஆம்பியர். சி.டி. ரெசிஸ்டன்ஸும் போய்வரும் ஒயரும் சேர்ந்து 6 ஓம் என்றால் 50 வோல்ட் வரை அசையக்கூடாது. செட்டிங் 0.1 என்றால் ரெசிஸ்டர் 500 ஓம் பக்கம். 50 வோல்ட்டில் எழுகிறதா என்று பாருங்கள். சி.டி.யின் நீ-பாயிண்ட் அதற்கு இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால் மேக்னடைசிங் கரண்ட் 50 சதவீதம் ஏறுகிற இடம்தான் நீ-பாயிண்ட்.

மெட்ரோசில் (மிகை வோல்டேஜை அடக்கும் ரெசிஸ்டர்) வெடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் டெஸ்ட்தான்.

18 பிப்ரவரி

“ரிலேக்கு சிபிஆர்ஐ சான்று இருக்கிறது, கெமா சான்று இருக்கிறது. அதற்கு மேல் என்ன சுதந்திரம்?”

டைப் டெஸ்டையும் சைட் டெஸ்டையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள். பெங்களூரு சிபிஆர்ஐ, ஆர்ன்ஹெம் கெமா போன்ற இடங்களில் தயாரிப்பாளர் கொண்டுவரும் மாதிரியை ஐஇசி 60255 தொடரின்படி வறுத்து எடுப்பார்கள். ஓவர் கரண்டுக்கு 60255-151, டிஸ்டன்ஸுக்கு 60255-121, டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், ஜெனரேட்டர் டிஃபரன்ஷியலுக்கு 60255-187-1, மின்காந்த இடையூறுக்கு 60255-26, பாதுகாப்புக்கு 60255-27. 151-இல் ஒரு நேர்மையான விஷயம் உண்டு. 2 முதல் 5 மடங்கு வரை பிழையை, தயாரிப்பாளர் அறிவிக்கும் அசைன்டு எரரின் 2.5 மடங்கு வரை அனுமதிக்கிறது, 5 முதல் 10 வரை 1.5 மடங்கு, அதற்கு மேல் 1. கர்வ் செங்குத்தாக இருக்கும் இடத்தில் கரண்டில் சிறு பிழை நேரத்தில் பெரிதாகத் தெரியும் என்பதால்.

அந்தச் சான்று ஒரு மாடலுக்கு, ஒரு ஹார்ட்வேருக்கு, ஒரு ஃபர்ம்வேருக்கு. உங்கள் செட்டிங், உங்கள் லாஜிக், உங்கள் ஒயரிங் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஃபர்ம்வேர் ஏற்றினால் சான்றில் உள்ள வெர்ஷனும் பேனலில் உள்ள வெர்ஷனும் வேறாகிவிடும். வாங்கும்போது பார்க்கவேண்டிய காகிதம் அது, ஓட்டும்போது பார்க்கவேண்டியது அல்ல.

20 பிப்ரவரி

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டதால்: மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023 கிரிட் கோடு, 220 கே.வி.யும் அதற்கு மேலுமுள்ள துணைமின் நிலையங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை மூன்றாம் தரப்பு புரொடெக்‌ஷன் ஆடிட் கேட்கிறது. வடகிழக்கில் 132 கே.வி. முதல். ஆண்டுதோறும் உள் ஆடிட். உங்கள் 110 கே.வி. ஆலை இந்த 5 ஆண்டு வளையத்துக்குள் வராது. ஆனால் அமெரிக்கக் கணக்கையும் பாருங்கள்: பிஆர்சி-005 என்ற தரநிலைப்படி கண்காணிப்பு இல்லாத ரிலேக்கு 6 ஆண்டு, தன்னைத்தானே கண்காணித்து அலாரம் அனுப்பும் ரிலேக்கு 12 ஆண்டு. அதாவது உங்கள் கட்சிக்குப் பாதி வெற்றி. செல்ஃப் சூப்பர்விஷனுக்கு மரியாதை கொடுத்து இடைவெளியை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள், டெஸ்டை ஒழிக்கவில்லை. அலாரம் ஆளிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அந்தச் சலுகையின் நிபந்தனை. உங்கள் வாட்ச்டாக் ஸ்பேர் டெர்மினலில் நின்றால் சலுகை இல்லை.

யோசித்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு முறை முழு இன்ஜெக்‌ஷன் உங்களுக்கு அதிகம்தான். இரண்டு நாளில் எல்லாப் பேனலையும் அரக்கப்பரக்கச் செய்வதற்குப் பதில் வருடம் மூன்றில் ஒரு பங்கு பேனலை ஒழுங்காகச் செய்யலாம். மீதிப் பேனல்களில் செட்டிங் ஒப்பீடும் டிரிப் காண்டாக்ட் வழியாக ஒரு டிரிப்பும் போதும்.

20 பிப்ரவரி, இரவு

2012 ஜூலை 30 வட இந்திய மின்தடை பற்றி ஒருவர், “அன்று ரிலே கெட்டுப்போனதால்தானே வடக்கு இருண்டது?” என்கிறார். இல்லை. 400 கே.வி. பினா–குவாலியர் லைன் அதிகாலை 2:33-க்கு ஜோன்-3-இல் (டிஸ்டன்ஸ் ரிலே காக்கும் தூர எல்லை) விழுந்தது. ஃபால்ட் கிடையாது. லோடு ஏறி, வோல்டேஜ் இறங்கி, ரிலே பார்க்கும் இம்பீடன்ஸ் ஜோன்-3 வட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. ரிலே போட்ட செட்டிங்கின்படி சரியாக வேலை செய்தது. மறுநாள் பகல் 1 மணிக்கு அதே லைன், அதே ஜோன்-3, இந்த முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போயின. விசாரணைக் குழு பரிந்துரைகளில் புரொடெக்‌ஷன் ஆடிட் முன்னால் நின்றதற்கு இதுவே காரணம். இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் எத்தனை செய்தாலும் இது பிடிபடாது. அதிகபட்ச லோடை, குறைந்த வோல்டேஜில், ஓமாக மாற்றி ஜோன்-3-இன் மேல் வரைந்து பார்க்கவேண்டும். பேப்பரும் பென்சிலும் போதும்.

டிஸ்டன்ஸ் ரிலே டெஸ்ட் செய்பவர்களுக்கு ஒரு வரி: எர்த் ஃபால்ட் ரீச் தப்பாக வந்தால் முதலில் கிட்டில் கே-ஜீரோ (தரைவழித் திரும்பும் பாதைக்கான திருத்தக் காரணி) எந்த வடிவத்தில் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு தயாரிப்பாளர் ஒரே காம்ப்ளெக்ஸ் எண்ணாகக் கேட்பார், இன்னொருவர் ரெசிஸ்டன்ஸுக்கும் ரியாக்டன்ஸுக்கும் தனித்தனி விகிதம் கேட்பார். கே-ஜீரோ 0.667 உள்ள லைனில் அதைக் கொடுக்காமல் விட்டால் 10 ஓம் ஜோன்-1, கிட்டில் 16.7 ஓமாகத் தெரியும்.

23 பிப்ரவரி

டிஸ்க் ரிலேயை மட்டும் டெஸ்ட் செய்தால் போதும் என்றவர்களுக்காக, அதையாவது சரியாகச் செய்யுங்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே டிஸ்க் முழுக்கத் திரும்பி வரவேண்டும். பாதியில் நிற்கும்போது அடுத்த ஷாட் கொடுத்தால் நேரம் குறைவாக வரும், உடனே டிஎம்எஸ்ஸைத் திருகுவார்கள். காயிலின் இரும்பு சாச்சுரேட் ஆவதால் சின்ன கிட் கொடுக்கும் கரண்ட் அலை நசுங்கும், நேரம் ஓடும். தொடரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் அலை சீராகும். காந்த இடைவெளியில் இரும்புத்தூள் இருந்தால் டிஸ்க் ஒரே இடத்தில் தட்டும். ஊதினால் போகாது, ஒட்டும் டேப்பால் எடுக்கவேண்டும்.

27 பிப்ரவரி

ஸ்டெபிலிட்டி டெஸ்ட் (வெளி ஃபால்டில் டிஃபரன்ஷியல் அடிக்காமல் நிற்கிறதா என்ற சோதனை) 415 வோல்ட்டில் செய்ய முடியுமா என்ற கேள்வி. முடியும், கரண்ட் எவ்வளவு வரும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டால். 16 எம்.வி.ஏ., 10 சதவீதம், 110 பக்கத்திலிருந்து பார்த்தால் 75.6 ஓம். எல்.வி.யை ஷார்ட் செய்து எச்.வி.யில் 415 கொடுத்தால் ஃபேஸுக்கு 240 வோல்ட், 3.17 ஆம்பியர். எல்.வி.யில் 31.7. இரண்டு பக்க சி.டி. செகண்டரியிலும் சுமார் 32 மில்லி ஆம்பியர். சாதாரண டாங் டெஸ்டர் இதைக் காட்டாது, மில்லி ஆம்பியர் கிளாம்ப் வேண்டும். சில ரிலேகள் இவ்வளவு சிறிய கரண்டைச் சுழி என்றே காட்டும். ஷார்ட் எங்கே என்பதும் முக்கியம், எல்.வி. சி.டி.க்கு அப்பால் இருக்கவேண்டும்.

சரியான போலாரிட்டியில் டிஃபரன்ஷியல் கிட்டத்தட்ட சுழி. வேண்டுமென்றே எல்.வி. சி.டி.யைத் திருப்பிப் போட்டால் 64 மில்லி ஆம்பியர் வரவேண்டும். திருப்பியும் எண் மாறவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது சி.டி. கரண்டே இல்லை, இரைச்சல். திருப்பியதை மறுபடி நேராக்கியதற்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் டேப் நார்மலில் இருக்கட்டும்.

2 மார்ச்

ஆலை எலக்ட்ரிகல் திரும்ப வந்து, “ஃபைலைப் பார்த்தேன், ‘கண்டது / விட்டது’ இல்லை, வாட்ச்டாக் ஒயர் டெர்மினல் 47-இல் முடிகிறது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. அடுத்த டெஸ்டில் கடைசியாக எதை வற்புறுத்துவது?” என்கிறார்.

லோடு ரீடிங். சார்ஜ் செய்து லோடு ஏறிய பிறகு ரிலே ஸ்க்ரீனில் மூன்று ஃபேஸ் கரண்ட், வோல்டேஜ், இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம், நியூட்ரல் கரண்ட், டிஃபரன்ஷியல் கரண்ட் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பவர் ஃபேக்டர் 0.9 லேகிங் என்றால் கரண்ட் தன் வோல்டேஜுக்கு 26 டிகிரி பின்னால் நிற்கவேண்டும், மூன்று ஃபேஸிலும். ஒன்றில் மட்டும் கரண்ட் 154 டிகிரி முன்னால் என்றால் அந்த சி.டி. திரும்பியிருக்கிறது. இரண்டில் 120 டிகிரி விலகினால் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒரு ஃபேஸில் சுழி என்றால் ஷார்ட்டிங் லிங்க் எடுக்கப்படவில்லை, ஓடிப்போய்ப் பாருங்கள். 400/1 சி.டி.யில் 60 ஆம்பியராவது ஓடினால் 0.15 வரும், கோணத்தை நம்பலாம். 5 ஆம்பியர் லோடில் எடுத்த கோணத்தை நம்பவேண்டாம். லோடு அன்று வரவில்லை என்றால் மறுநாள் நீங்களே எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள், அது வரும்வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். டெர்மினல் 47-லிருந்து அனன்சியேட்டர் வரை இரண்டு கோர் கேபிள் இழுக்க ஒரு மதியம் போதும், அதற்கு ஷட்டவுன்கூட வேண்டாம்.